செனகலுக்குப் பச்சை பூசிய நாள்

போன வியாழக்கிழமை, ஐம்பத்தெட்டாவது வயதில், நான் கல்யாணப் பெண் ஆனேன்.

நகராட்சி அலுவலகத்தில்தான். காரைக்காலின் பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சில் மேரி என்றே சொல்லும் அதே கட்டடம். எழுத்தர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, "போடுங்க" என்றார். எங்கே, எதற்கு என்று கேட்டுப் பழகிய கையா இது? கண்ணில் பட்ட முதல் கட்டத்தில், போர்டு எழுதுகிறவனுக்கே உரிய கொடி, சுருள், அடிக்கோடு எல்லாம் வைத்துக் கையெழுத்தைப் போட்டு முடித்தேன். அது மணமகள் போட வேண்டிய கட்டம்.

எழுத்தர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பெரியவரே, பொண்ணு நீங்கதானா? மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா?"

மாப்பிள்ளை கருக்களாச்சேரிக்காரர். படகு என்ஜின் பழுது பார்க்கிறவர். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எனக்குச் சம்மதங்க. மீசைய மட்டும் எடுத்துடச் சொல்லுங்க" என்றார். அறையே சிரித்தது. என் மகள் வளர்மதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து பேனாவை வாங்கி, என் கொடியையும் சுருளையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதன் மேல் தன் பெயரை எழுதினாள். பிறகு எழுத்தர் கேட்டார், "முதல் கல்யாணமாம்மா?"

"தாள்ல இதுதாங்க முதல்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து, விரலில் ஒட்டிய மையைத் துடைக்க டர்பன்டைன் தேடிக் கொல்லைப்புற அறைக்குப் போனேன். பழைய பெயிண்டு டப்பாக்களின் பின்னால், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அந்தப் பலகை நின்றது. திருப்பினேன். நான் வரைந்த ஆப்பிரிக்கா வரைபடம். காய்ந்து போன எனாமலுக்கும் ஒரு வாசனை இருக்கிறது. உங்கள் வீட்டு முன்னறையின் வாசனை.

உங்களுக்கு எழுதுவதென்று உட்கார்ந்ததும் முதல் தகராறே உங்களை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். சம்பந்தி என்று எழுதி அடித்தேன். அந்தச் சம்பந்தம் எந்தத் தாளிலும் இல்லை. ஆகவே பழையபடி அண்ணே என்றே எழுதுகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களைச் சொல்தா என்பது நம் ஊர் வழக்கம். எத்தனையோ சொல்தாக்கள் இருக்க, சொல்தா வீடு எது என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் உங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டுக்குப் பெயர்ப் பலகை எழுத என்னைக் கூப்பிட்டீர்கள். பிரெஞ்சில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தீர்கள். நான் எட்டாவது வரை படித்தவன், அதுவும் எட்டாவதைத் தொட்டுவிட்டு ஓடியவன். பிரெஞ்சில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் உருவம் தெரியும். பார்த்து அப்படியே வரைந்தேன். நீங்கள் தள்ளி நின்று பார்த்தீர்கள்.

"என்ன எழுதியிருக்கன்னு தெரியுமா பெயிண்டரே?"

"தெரியாதுண்ணே."

"தெரியாமலே இவ்வளவு சுத்தமா எழுதிட்டியே. நீ ஆபத்தான ஆளுய்யா" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். யாருக்கு ஆபத்து என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகள் உங்கள் முன்னறையில்தான் கழிந்தன. கடிதங்கள் தொடங்கியது எண்பதுகளில். உங்களுக்கு வரும் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் படித்துவிட்டு, அரசலாற்றுப் பாலம் வரை என்னைத் தேடிக்கொண்டு வந்தீர்கள். உலக நாடுகளெல்லாம் கூடிப் பெண்களுக்காக ஓர் உடன்படிக்கை எழுதியிருக்கின்றன, நாடுகள் ஒவ்வொன்றாக அதை ஏற்று வருகின்றன, ஆப்பிரிக்காவில் பல நாடுகள் இன்னும் ஏற்கவில்லை என்றீர்கள். நான் ஏணிமேல் நின்று ஒரு சோடாக் கம்பெனிக்குச் சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு நான் என்னண்ணே செய்யணும்?"

"முதல்ல கீழ இறங்கு."

இறங்கினேன். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்து ஆவாவின் கதையைச் சொன்னீர்கள்.

நீங்கள் டக்கார் முகாமில் எழுத்து வேலை பார்த்த காலம். முகாம் வாசலில் வறுத்த கடலை விற்கும் பெண் ஆவா. ஒரு சிப்பாயோடு பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். ஊரைக் கூட்டி, சொந்தபந்தம் சாட்சியாக நடந்த கல்யாணம். அவன் எங்கோ சண்டையில் செத்துப்போனதும், இரண்டு பிள்ளைகளோடு உங்கள் மேசை முன்னால் வந்து நின்றாள். நீங்கள் கோப்பைப் பார்த்தீர்கள். கல்யாணம் எதிலும் பதிவாகவில்லை. அவளுக்குப் பென்ஷன் எதுவும் கிடையாது என்று நீங்களே தட்டச்சு அடித்து, படித்துக்காட்டாமல், வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக அவள் பெருவிரலை மையில் தோய்த்து அதிலேயே பதியவைத்தீர்கள். ஏதோ கிடைக்கப்போகிறது என்று நினைத்து அவள் உங்களுக்கு ஒரு பொட்டலம் கடலை கொடுத்துவிட்டுப் போனாள்.

"அந்தக் கடலையத் தின்னேன் பெயிண்டரே" என்றீர்கள். "படிக்கத் தெரியாதவகிட்ட என்ன தாளுன்னு சொல்லாம கைநாட்டு வாங்கினேன். நான் செஞ்சதுல பெரிய பாவம் அதுதான்." உங்கள் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இப்போது எவ்வளவோ சுலபமாக இருக்கும்.

உடன்படிக்கையில் நிறைய இருக்கிறது, நமக்கு மூன்று போதும் என்றீர்கள். பெண்ணின் முழுச் சம்மதத்தோடுதான் கல்யாணம். நடந்த கல்யாணம் கட்டாயம் பதிவாக வேண்டும். புருஷன் எந்த நாட்டுக்காரன் ஆனாலும் அவள் குடியுரிமை அவளுடையது. இந்த மூன்றையும் வைத்து ஞாயிறுதோறும் ஒரு நாட்டின் ஜனாதிபதிக்குக் கடிதம். ஐவரி கோஸ்ட், நைஜர், கேமரூன், சாட். நீங்கள் பிரெஞ்சில் எழுதுவீர்கள். நான் உறையில் விலாசத்தை வரைந்து, தபால் தலை ஒட்டி, ஆதரவாளன் என்று கடிதத்தின் அடியில் தமிழில் கையெழுத்துப் போடுவேன். முதலில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தேநீர் மட்டும்தான் என்று தெரிந்ததும் நாம் இருவர் மிஞ்சினோம். என் கையெழுத்தைப் பார்த்து அந்த ஜனாதிபதிகள் என்ன நினைத்திருப்பார்கள்? ஏதோ கொடி படர்ந்திருக்கிறது, பந்தல் போட வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

அந்தப் பலகையும் அப்போது வரைந்ததுதான். நான் வரைந்த முதல் ஆப்பிரிக்கா ஆட்டுத்தொடை மாதிரி இருந்ததென்று உங்கள் மனைவி சொன்னார். சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன். ஒரு நாடு ஏற்றுக்கொண்டால் அதற்குப் பச்சை. "நம்ம நாட்ட எங்கண்ணே வரையறது?" என்று கேட்டேன். "நம்ம நாடு கையெழுத்துப் போட்டதோட நிக்கிது. முழுசா ஏத்துக்கல. அது கிடக்கட்டும், நீ ஆப்பிரிக்காவப் பாரு" என்றீர்கள். நான் ஆப்பிரிக்காவைப் பார்த்தேன்.

டக்காரிலிருந்து ஒரு பெண்கள் சங்கம் பதில் போட்டது நினைவிருக்கிறதா? எனக்குத் தமிழில் சொன்னீர்கள். அக்கறைக்கு நன்றி, நாங்களும் இங்கே இதற்காகத்தான் போராடுகிறோம், உங்கள் ஊரில் கல்யாணங்களைப் பதிகிறீர்களா என்று அறிய ஆசை. "நல்ல கேள்வி" என்று சிரித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். அதற்கு மட்டும் நாம் பதில் எழுதவேயில்லை. அப்போது உங்கள் மகன் வளர்மதிக்குக் கோயிலில் தாலி கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பெண் கேட்டு வந்தது நீங்கள்தான். ஊரில் பாதிப் பேர் தவம் கிடக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடு, பெயிண்டர் வீட்டுக்குத் தட்டோடு வருகிறது. நான் தரையில் நடக்கவில்லை. அன்றிலிருந்து நீங்கள் என்னை 'நீ' என்பதை விட்டுவிட்டு 'வாங்க சம்பந்தி' என்றீர்கள். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மதி கேட்டாள்.

"அப்பா, பதிவு என்னைக்கு? அப்பதானே நானும் பிரான்சுக்குப் போக முடியும்."

"ஊருக்கே பதியச் சொல்றவரும்மா அவரு. அவருகிட்டப் போயி அதக் கேக்கறதா? அசிங்கமா இருக்கும்."

"நான் கேக்கட்டுமா?"

"கல்யாணப் பொண்ணு கேக்கற கேள்வியா அது?" என்றேன். அவள் கேட்கவில்லை. சம்மதம் என்று ஞாயிறுதோறும் தபால் தலை ஒட்டியவன், என் வீட்டில் ஒருத்தியின் வாயை இப்படித்தான் மூடினேன்.

பிறகு நீங்களாகவே சொன்னீர்கள். பையன் பட்டாளத்தில் சேர வேண்டும், மணமாகாதவன் என்றிருந்தால் சுலபம், ஆறு மாதம் கழித்துப் பதிந்து மதியை அனுப்பிவிடலாம். சொல்தாவுக்குத் தெரியாத பட்டாளமா? சரி என்றேன். அவன் போனான். முதலில் வாரம் ஒரு கடிதம் வந்தது, பிறகு மாதம் ஒன்று, பிறகு பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை. மதி பால்வாடி வேலைக்குப் போய்க்கொண்டு காத்திருந்தாள். பதிவைப் பற்றி ஜாடையாகப் பேச்செடுத்தால், "தாள் நகரணும்ல சம்பந்தி" என்பீர்கள். அங்கே பிரான்சில் தாள் நகர்வதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நைஜருக்கு உறை எழுதப் போய்விடுவேன்.

செனகல் ஏற்றுக்கொண்ட செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் பத்திரிகையைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டீர்கள். ஆவாவின் நாடு. உங்கள் மனைவி கேசரி கிண்டினார். நான் பச்சை டப்பாவை உடைத்து, செனகலுக்குப் பூசினேன். சின்ன நாடுதான், மேற்கு ஓரத்தில் ஒரு மூக்கு மாதிரி இருக்கும். மகிழ்ச்சியில் தூரிகையை அதிகமாகத் தோய்த்துவிட்டதில், அடுத்திருந்த கடலிலும் கொஞ்சம் பச்சை வழிந்தது. "கடலும் ஏத்துக்கிச்சு" என்றேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

சிரித்து முடித்து, வழக்கம்போல ஒரு கட்டுத் தாளை நகர்த்தினீர்கள். "இன்னைக்குக் கொஞ்சம் கூட இருக்கு சம்பந்தி." வாயில் கேசரி, விரலில் பெயிண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடிபடரப் போட்டுக்கொண்டே போனேன். ஒரு தாளில் பெருவிரல் பட்டுப் பச்சையாக ஒட்டிக்கொண்டது. "ஐயோ, கெடுத்துட்டேனே" என்றேன். நீங்கள் அந்தத் தாளை உருவி எடுத்து, ஊதிக் காயவைத்தபடி, "பரவால்ல, பரவால்ல" என்றீர்கள். அவ்வளவு மென்மையாக நீங்கள் என்னிடம் பேசியதே இல்லை.

மறு வருஷம், உங்களிடம் சொல்லாமல், மதியைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களின் தாள்களைக் கவனிக்கும் அலுவலகம். உள்ளே ஒருவரைத்தான் விடுவோம் என்றார்கள். மதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்தவர் நம்மூர்ப் பக்கத்து ஆள், பொறுமையானவர். உங்கள் மகன் பெயரைச் சொன்னதும் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார்.

"இவருக்குப் பிரான்ஸ்ல கல்யாணம் பதிவாயிருக்குங்களே."

"ஆமாங்க, என் பொண்ணுதான்" என்றேன். என் புத்தி அவ்வளவு வேகம்.

அவர் பெண்ணின் பெயரைப் படித்தார். அது என் வாயில் நுழையாத பெயர். பிறகு கோப்பிலிருந்த மூலத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அங்கே பதிவதற்கு முன், இவர் இதுவரை மணமாகாதவர் என்று ஊரறிந்த இரண்டு பேர் எழுதிக் கொடுத்த தாள் அது. முதல் சாட்சி தகப்பனார். ஏழுக்கு நடுவில் கோடு போடும் உங்கள் கையை, பிரெஞ்சு படிக்கத் தெரியாவிட்டாலும், உருவத்தில் எனக்குத் தெரியாதா?

"ரெண்டாவது ஆளுதான் யாருன்னு தெரியல. தமிழ்க் கையெழுத்து. பூ மாதிரி போட்டிருக்காரு. பக்கத்துல ஏதோ பச்சைக் கறை வேற. உங்க ஊருதானே, யாருன்னு தெரியுதுங்களா?"

கொடி. சுருள். அடிக்கோடு. பக்கத்தில் என் பெருவிரல், ரேகை ரேகையாக.

"தெரியலைங்க" என்றேன்.

வெளியே வந்தேன். மதி எழுந்தாள். அவன் அங்கே ஒருத்தியைப் பதிந்துகொண்டான் என்று சொன்னேன். அவள் அழவில்லை. "நமக்குத் தெரியாமலா எல்லாம் செஞ்சாங்க?" என்று கேட்டாள்.

"நம்ம பேரு எதுலயும் இல்லம்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கேமரூனுக்கு எழுதிக்கொண்டிருந்தீர்கள். பாண்டிச்சேரிக்குப் போயிருந்தேன் என்ற ஒரு வரிதான் சொன்னேன். பேனாவை மூடி வைத்தீர்கள். பையன் அங்கே ஒரு பெண்ணோடு வாழத் தொடங்கிவிட்டான், குழந்தை வேறு வரப்போகிறது, அந்தப் பெண்ணுக்காவது தாளில் ஓர் இடம் இருக்கட்டும் என்று நினைத்தேன் என்றீர்கள். "அவளும் ஒரு பொண்ணுதானே" என்றீர்கள்.

அண்ணே, மூன்று வருஷமாக நான் அந்த வாக்கியத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

"என் கையெழுத்து எதுக்கு? ஊர்ல வேற ஆளா இல்ல?"

"பொண்ணோட அப்பனே போட்டா நாளைக்கு யாரும் கேள்வி கேக்க முடியாது." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பழையபடி 'நீ'க்குத் திரும்பினீர்கள். "நீ என்ன தாளுன்னு கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பச்சை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆவாவின் கதையை எனக்குச் சொன்ன அதே நாற்காலி, அதே முகம். பாவம் என்று சொல்லி என்னிடம் கண் கலங்கியதை, எப்படிச் செய்வது என்ற பாடமாக நீங்கள் பத்திரமாக வைத்திருந்தீர்கள். அவள் கடலை கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு நீங்கள் கேசரி கொடுத்தீர்கள். அந்த அளவில் எனக்கு மரியாதை கூடத்தான்.

வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். அவன் பிரெஞ்சுக்காரன், அவனுக்கு அந்த நாட்டுச் சட்டம், பதியாத கல்யாணம் அதில் கல்யாணமே இல்லை என்றார். நடக்காத கல்யாணத்துக்கு விவாகரத்தும் வேண்டாமாம். ஊர் முழுக்கப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட கல்யாணம்.

அந்த வருஷக் கடைசியில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். உங்கள் மனைவி ஆள் அனுப்பினார். அஞ்சலிப் பலகை எழுத நான்தான் வர வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டுப் போனீர்களாம். வந்தேன். பெயருக்குக் கீழே "பெண்ணுரிமைக்கு உழைத்தவர்" என்று எழுதச் சொன்னார். தூரிகையைத் தோய்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். ஓர் எழுத்தைக் கோணலாக வைக்கலாம், பெயிண்டு வழியவிடலாம். கை கேட்கவில்லை. பிசிறில்லாமல் வந்தது. இப்போது நினைத்தாலும், அதில் பொய் எந்த எழுத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது உங்கள் மனைவி அந்த ஆப்பிரிக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது நீங்க வரைஞ்சதுதானே. நீங்களே வச்சுக்கிங்க" என்றார். கண்ணை நிமிர்த்தவில்லை. அவருக்கும் தெரியும் போல.

அதன்பிறகு என்னிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எந்தத் தாள் வந்தாலும் மதியிடம் நீட்டிவிடுவேன். அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படிப்பாள். மின்சார ஆபீஸ் தாள், ரேஷன் தாள், திருவேட்டக்குடிக் கோயில் நன்கொடைச் சீட்டு. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் போன பிறகும் அங்கே ஒன்றிரண்டு நாடுகள் ஏற்றுக்கொண்டனவாம். அதையும் அவள்தான் பேப்பரில் தேடிப் படித்துச் சொன்னாள். அவளுக்கு அந்த உடன்படிக்கை மேல் கோபமில்லை. "எங்கயாவது ஒருத்திக்கு ஆகட்டும்பா" என்றாள். எனக்கும் இல்லை. போன வியாழக்கிழமை டப்பாவைத் திறந்து, பெயிண்டின் மேல் படிந்த ஆடையைக் கிழித்து, பாக்கியிருந்ததைக் கலக்கி, அந்த நாடுகளுக்குப் பூசிவிட்டேன். கடலில் வழிந்ததை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பதிவேட்டில் என் கையெழுத்தை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்ட மதி, பேனாவை என்னிடம் திருப்பித் தருவதற்கு முன்னால், சாட்சிக் கட்டத்துக்கு மேலே இருந்ததை எனக்காக உரக்கப் படித்தாள்.

"மேலே எழுதியிருக்கறதெல்லாம் உண்மைன்னு எனக்குத் தெரியும்னு போட்டிருக்குப்பா. போடலாமா?"

மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் காத்துக்கொண்டிருந்தார். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். "போடலாம்மா" என்றேன்.

அந்தப் பாண்டிச்சேரித் தாள்ல நம்ம பேரு இருந்துச்சு, மதி.